சைலன்சரை வெட்டினால் மலை ஏறாது, மச்சான்

பதுளையிலிருந்து பசறைக்கு ஏறுகிற ரோட்டோரம் வீடு இருக்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சனிக்கிழமை ராத்திரி பத்து மணி தாண்டினால் டவுன் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பும். முதலில் தூரத்தில் இடி மாதிரி. பிறகு வளைவுக்கு வளைவு கிட்டக் கிட்ட வரும். தொட்டிலில் இருக்கிற பிள்ளை முழிக்கும். நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்கும். "எவன்டா அவன்" என்று அப்பாயி எழும்பி உட்காரும். கடைசியில் வாசலுக்கு வந்து பார்த்தால் ஒரு பழைய லான்சர், மணிக்கு நாற்பது கிலோமீற்றரில், ரெண்டாம் கியரில் முக்கிக்கொண்டு போகும். சைலன்சரை வெட்டியிருப்பான். அவ்வளவுதான் விசயம்.

எங்கள் வட்டத்துக்குள்ளேயே அந்த லான்சருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் டீக்கடையில் பேச்சு முற்றியபோது அவர்களில் ஒருத்தன் சொன்னான்: "பெற்றோல் வண்டிதான்டா வண்டி. கரண்ட் வண்டி ஃபிரிட்ஜ் மாதிரி. ஃபிரிட்ஜை எவனாவது ஓட்டுவானா?" எல்லோரும் சிரித்தோம். நாங்களும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்த ஃபிரிட்ஜ் மனசை விட்டுப் போகவில்லை. ஓட்டிப் பார்க்காமல் பேசுகிற பேச்சு அது என்று பட்டது. அதனால் ஓட்டிப் பார்த்தோம். இது அதற்கான பதில். கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் இந்த மஸில் கார் மயக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பதுளையில் மஸ்டாங் ஓடுவதை நாங்கள் பார்த்ததில்லை. டொட்ஜ் சார்ஜரையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தமிழில் குரல் கொடுத்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களில்தான். 1960களில் அமெரிக்கக்காரன் நடுத்தர அளவு வண்டிக்குள் பெரிய வீ8 எஞ்சினைத் திணித்து, நேர் ரோட்டில் பறக்க விட்ட வண்டி அது. 1964இல் போண்டியாக் ஜீடிஓ வந்தது, அதே வருசம் மஸ்டாங்கும் வந்தது. (மஸ்டாங் வேறு ரகம் என்று சண்டைக்கு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை இன்றைக்கு விட்டுவிடுவோம்.) அந்த ஊரில் ரோடு கண்ணுக்கெட்டிய தூரம் நேராகப் போகும். நம்ம ஊரில்? ரயிலே தெமோதரையில் ஒரு வட்டம் அடித்து, தான் வந்த தண்டவாளத்துக்கு அடியில் தானே நுழைந்து போகிற ஊர் இது. நேர் ரோட்டுக்குச் செய்த வண்டியின் கனவை இந்த வளைவுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் டொட்ஜ் தன் கடைசி வீ8 சலெஞ்சரைக் கட்டி முடித்தது. அடுத்த வருசமே மின்சாரத்தில் ஓடுகிற சார்ஜர் டேடோனாவை இறக்கியது. அந்த வண்டிக்குப் பின்னால் என்ன வைத்தார்கள் தெரியுமா? ஸ்பீக்கர். பழைய எஞ்சின் உறுமுகிற மாதிரி சத்தம் போட. ஹூண்டாய்க்காரன் ஐயோனிக் 5 என் என்ற வண்டியில் இன்னும் ஒரு படி மேலே போய், இல்லாத கியரை மாற்றுகிற மாதிரி ஒரு உதறலையும் சேர்த்துக் கொடுத்தான். அதாவது, சத்தம் வேறு ஓட்டம் வேறு என்று அந்தக் கம்பனிகளுக்கே நல்லாத் தெரியும். சத்தம் ஒரு தாலாட்டு. பழகின பிள்ளை அது இல்லாமல் தூங்காது. பசறை ரோட்டு லான்சர்காரன் சைலன்சரை வெட்டுவதும் இதே வேலைதான், அவன் ஸ்பீக்கருக்குப் பதிலாக இரும்பு வாள் வாங்கியிருக்கிறான். (மின்சாரச் சார்ஜர் நினைத்த மாதிரி விற்கவில்லை, இப்போது ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினோடும் அதே வண்டி வருகிறது. இதை மறைத்துவிட்டு வாதம் பண்ண எங்களுக்கு விருப்பமில்லை.)

சரி, ஓட்டின கதைக்கு வருவோம்.

எங்களில் ஒருத்தருடைய மாமா பண்டாரவளையில் ஒரு பழைய நிசான் லீஃப் வைத்து ஹயர் ஓடுகிறார். 2015இல் வரி குறைந்திருந்த நேரம் ஆயிரக்கணக்கில் இறங்கினதே, அந்தக் கூட்டத்தில் வந்த வண்டி. 24 கிலோவாட் மணி பற்றரி. வயசாகிவிட்டதால் இப்போது அவ்வளவு தாங்காது. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் மாமாவே சிரிப்பார். நோஞ்சான் என்று தெரிந்துதான் எடுத்தோம். நோஞ்சானே இப்படி என்றால், பெரியது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். எதிர்ப்பக்கம் மேற்படி ரசிகனின் 1500 சீசீ லான்சர். வெல்லவாயயிலிருந்து எல்ல வரைக்கும் ஏற்றம். கிட்டத்தட்ட 27 கிலோமீற்றருக்குள் 200 மீற்றர் உயரத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் மீற்றருக்கு ரோடு ஏறிவிடும். ரேஸ் ஓடவில்லை. ரெண்டு வண்டியையும் மாறி மாறி, ஒரே மாதிரி நிதானமாக ஓட்டினோம். மாமா பின்சீட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லான்சரில் ஒவ்வொரு வளைவும் ஒரு வேலை. வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து ரெண்டுக்கு இறக்கு. கிளட்ச். திருப்பு. திருப்பிக்கொண்டே எக்ஸலேட்டரை மிதி. மிதித்தால் உடனே எதுவும் நடக்காது. எஞ்சின் சுற்று ஏறும்வரை வண்டி யோசிக்கும். அது யோசித்து முடித்து இழுக்கத் தொடங்குகிற நேரம் அடுத்த வளைவு வந்துவிடும். இது லான்சரின் குற்றம் இல்லை. பெற்றோல் எஞ்சினுடைய சுபாவமே அதுதான். இப்போது வருகிற மஸ்டாங் ஜீடி கூட தன் முழு முறுக்கு விசையைக் கொடுப்பது நிமிசத்துக்கு 4,900 சுற்றில். முழுக் குதிரை வலுவுக்கு 7,000 சுற்றையும் தாண்ட வேண்டும். எல்ல ரோட்டில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் அந்தச் சுற்றுக்கு எங்கே இடம்?

லீஃபில் வளைவு முடிகிற இடத்தில் காலை வைத்தோம். வைத்த இடத்திலேயே இழுத்தது. கியர் இல்லை, யோசனை இல்லை. மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் கொடுக்கும், அதுதான் ரகசியம். வெறும் 80 கிலோவாட் மோட்டார்தான். ஆனாலும் கணக்குப் போட்டால், ரெண்டாம் கியரில் இருக்கிற 1500 சீசீ வண்டியை விடச் சக்கரத்துக்குப் போகிற இழுவை அதிகம். இராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் பஸ் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கிற வேலை. லான்சரில் கை பிரேக், அரை கிளட்ச், கருகல் மணம், பின்னால் நிற்கிற ஓட்டோக்காரனின் ஹோர்ன், நெஞ்சிடி. லீஃபில் ஒன்றுமே இல்லை. நின்றது, போனது. ஃபிரிட்ஜ் என்று சொன்ன ரசிகன் அந்த இடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். "ம்" என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்த "ம்" எங்களுக்குப் போதும்.

வேகம் என்றால் என்ன என்பதில்தான் இந்தச் சண்டையே இருக்கிறது. 200 கிலோமீற்றர் வேகத்தைத் தொடுவதா, 20இலிருந்து 50க்கு ஒரு மூச்சில் போவதா? ஊவா ரோட்டில் வாழ்நாள் முழுக்க ஓட்டினாலும் முதலாவது கிடைக்காது. ரெண்டாவது ஒரு பயணத்தில் நூறு தடவை தேவைப்படும். நேர் ரோட்டில் 80ஐத் தாண்டினால் லீஃப் களைத்துவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்ல வந்து சேர்ந்தபோது பற்றரியில் மூன்றில் ஒரு பங்கு காலி. மாமாவின் முகத்தில் அது தெரிந்தது.

மலை ஏறுவது என்று வந்தால் பெற்றோலுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிற பிராணிதான். மேலே போகப் போகக் காற்று மெலியும். டேர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீற்றருக்குப் பத்து வீதம் அளவுக்கு வலுவை இழந்துவிடும். அப்புத்தளையில் நிற்கிற வண்டி வெல்லவாயயில் நின்ற அதே வண்டி இல்லை. மோட்டாருக்கு மூச்சே தேவையில்லை. இது மலையக்காரன் பெருமைக்காகச் சொல்கிற கதை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்று ஒரு மலையேற்றப் பந்தயம். 20 கிலோமீற்றர், 156 வளைவு, உச்சி 4,300 மீற்றர். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறுகிற உயரம் 1,440 மீற்றர், வெல்லவாயயிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுவதை விடக் கொஞ்சம் கூட. அங்கே 2013இல் செபஸ்தியான் லோப் பெஜோ பெற்றோல் வண்டியில் 8 நிமிசம் 13 செக்கனில் ஏறினார். யாராலும் முறியடிக்க முடியாது என்றார்கள். 2018 ஜூனில் ரோமேன் டுமா ஃபோக்ஸ்வாகனின் ஐடி ஆர் என்ற மின்சார வண்டியில் 7 நிமிசம் 57 செக்கனில் ஏறி முடித்தார். எட்டு நிமிசத்துக்குள் அந்த மலையை ஏறின முதல் வண்டி கரண்ட் வண்டி. நுவரெலியாவில் 1934இலிருந்து மககஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் பார்த்து வளர்ந்த நாட்டுக்காரர்கள் நாம். நமக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போகக்கூடாது.

ஆனால் ஏறுவது பாதிக் கதைதான். இந்த மலையில் ஆட்கள் சாவது இறங்கும்போது.

2021 மார்ச் 20, பசறை 13ஆம் கட்டை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 14 பேர். 2025 செப்டெம்பர் 4, எல்ல வெல்லவாய ரோடு. தங்காலையிலிருந்து சுற்றுலா வந்த நகரசபை ஊழியர்களின் பஸ், 15 பேர். எந்த விபத்துக்கு எது காரணம் என்று தீர்ப்புச் சொல்கிற தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த ரோட்டில் இறங்குகிற ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பது பள்ளிக்கூடப் பௌதிகவியல். பத்துத் தொன் பஸ் எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு 840 மீற்றர் இறங்குகிறது. அந்த உயரத்தில் சேர்ந்திருந்த சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். டயர் உருளுவதிலும் காற்றைத் தள்ளுவதிலும் கொஞ்சம் போகும். மிச்சம் முழுக்கச் சூடு. நூறு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதற்கு மேலும் மிஞ்சுகிற சூடு. அனுபவசாலி டிரைவர் ரெண்டாம் கியரில் போட்டு அதில் ஒரு பங்கை எஞ்சினில் தள்ளுவார். "ஏறின கியரிலேயே இறங்கு" என்று நம்ம அப்பாமார் சொன்னது அதற்காகத்தான். மூன்றாம், நாலாம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவனுக்கு எல்லாச் சூடும் பிரேக்கில்தான் இறங்கும். டொட் 4 பிரேக் ஒயில் புதுசாக இருந்தால் 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்று விதி. அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் 155 பாகையே போதும். வருசத்தில் பாதி நாள் பனியும் மழையுமாக இருக்கிற ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? ஒயில் கொதித்தால் குமிழி வரும். குமிழி வந்தால் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதற்குப் பிறகு முருகன்தான்.

மின்சார வண்டி இறங்குவதே வேறு. எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் டைனமோவாக மாறிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடாகப் போக வேண்டியது கரண்டாகப் பற்றரிக்குத் திரும்பும். மாமாவின் லீஃபில் கியர் தடியை 'பீ'யில் போட்டுக்கொண்டு எல்லயிலிருந்து இறங்கினோம். பிரேக்கைத் தொட்டதை எண்ணினால் இருபது தடவை இருக்காது. வெல்லவாய வந்தபோது பற்றரி ஏழெட்டு வீதம் கூடியிருந்தது. மலை நமக்குக் காசு திருப்பிக் கொடுக்கிறது! பங்கீட்டு விலையில் பெற்றோல் அடித்து வளர்ந்த தலைமுறைக்கு இது மந்திரம் மாதிரி. போர்ஷே டைக்கான் போன்ற பெரிய மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களில் அன்றாட ஓட்டத்தின் பிரேக் வேலையில் பத்தில் ஒன்பது பங்கை மோட்டாரே பார்த்துக்கொள்கிறது என்று அந்தக் கம்பனி சொல்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கரண்ட் வண்டி வாங்குகிற கொழும்பு ஆட்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மலை உச்சியில் பற்றரியை முழுசாக நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பின பற்றரிக்குள் திரும்பி வருகிற கரண்டுக்கு இடமில்லை, அதனால் மோட்டார் சக்கரத்தைப் பிடிக்காது. ஒரு காலால் ஓட்டிப் பழகினவனுக்கு முதல் வளைவிலேயே தூக்கிவாரிப் போடும். மாமா பண்டாரவளையில் 80 வீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டார். யாரும் சொல்லித் தரவில்லையாம், பயந்து கற்றுக்கொண்டாராம்.

இப்போது லான்சர்காரன் பக்கத்து நியாயம். அவனிடம் நியாயமே இல்லை என்று சொன்னால் நாங்கள் பொய்யர்கள்.

பெற்றோல் வண்டி ஓட்டுகிறவனுக்குக் காது ஒரு கருவி. கியர் மாற்ற வேண்டிய நேரத்தை அவன் மீற்றரில் பார்ப்பதில்லை, சத்தத்தில் கேட்கிறான். வால்வு தட்டுகிறதா, பெல்ட் கீச்சிடுகிறதா, எல்லாம் காதுக்கு வரும். கையும் காலும் காதும் சேர்ந்து ஒரு வேலை செய்கிற சுகம் இருக்கிறதே, அது உண்மையான சுகம். லீஃபில் அது இல்லை. ஒரு மணித்தியாலம் ஓட்டினால் கொட்டாவி வரும். அடுத்தது பாரம். பற்றரி கனமானது. மேலே சொன்ன ஐயோனிக் 5 என் ரெண்டு தொன்னைத் தாண்டும், சார்ஜர் டேடோனா இரண்டரைத் தொன்னையும் தாண்டும். பாரம் கீழே இருப்பதால் வண்டி சாயாது, சரிதான். ஆனால் ஈர ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் அந்த இரண்டரைத் தொன்னும் வெளிப்பக்கம் போகத்தான் பார்க்கும். டயரும் சீக்கிரம் தேயும். சத்தம் இல்லாததே சில நேரம் ஆபத்து. அப்புத்தளைப் பனிக்குள் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நடக்கிற அம்மாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு வண்டி வந்தால்? மெதுவாகப் போகும்போது ஒரு சத்தம் எழுப்ப வேண்டும் என்று வெளிநாடுகளில் சட்டமே வந்துவிட்டது. இங்கே வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கிற பழக்கத்தைக் கரண்ட் வண்டிக்காரன் விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய நியாயம் கராஜ். லான்சர் நின்றுபோனால் ஹாலி எலயில் மரத்தடியில் ஒரு தம்பி பத்து ஸ்பேனரை வைத்துக்கொண்டு எழுப்பிவிடுவான். தோட்டத்திலிருந்து வெளியே வந்த எத்தனை பொடியன்களுக்கு முதல் தொழில் அந்தக் கராஜ்தானே? மின்சார வண்டி நின்றுபோனால் மூடியைத் திறக்கவே பயம். உள்ளே முந்நூறு நானூறு வோல்ட். கம்பியூட்டரைக் குத்திப் பார்க்க வேண்டும், அதற்கு மென்பொருள் வேண்டும், அது கம்பனிக்காரனிடம்தான் இருக்கும், அவன் கொழும்பில் இருப்பான். இந்தக் கேள்விக்குப் பதில் வைக்காமல் "எதிர்காலம் மின்சாரம்" என்று பேசுகிறவர்களோடு எங்களுக்கும் சண்டைதான். பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் இந்த வேலையைத் தமிழில் சொல்லித்தர இன்றைக்கே தொடங்கினால்தான், பத்து வருசத்தில் அந்த மரத்தடித் தம்பிக்குச் சோறு.

2024 ஏப்ரல் மாதத்தில் ஒரே வாரத்தில் நடந்த ரெண்டு காரியத்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் பந்தயம். 1993இல் தொடங்கி, சில வருசம் நின்றுபோய், மறுபடி வைத்திருந்தார்கள். ஊவாவே திரண்டு போயிருந்தது, எங்களில் சிலரும் போயிருந்தோம். ஓடுதளத்தை விட்டு விலகின ஒரு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு எட்டு வயசு. அந்த வண்டி கரண்டில் ஓடியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? இல்லை. பாரம் கூடின வண்டி இன்னும் மோசமாகத்தான் இடித்திருக்கும். ஆகவே அந்தச் சாவை எங்கள் வாதத்துக்குத் துணைக்கு இழுக்க மாட்டோம். நாங்கள் கேட்பது வேறு. அன்றைக்கு எங்களைத் தடுப்புக்கு அவ்வளவு கிட்ட இழுத்தது எது? சத்தம். நெஞ்சுக்குள் அதிர்கிற அந்தச் சத்தம் கிட்டப் போனால்தான் கிடைக்கும். பாதுகாப்புத் தூரம் எவ்வளவு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதே பழக்கத்தைத்தான் சனிக்கிழமை ராத்திரி பசறை ரோட்டுக்குக் கொண்டுவருகிறான் லான்சர்காரன். ரோடு மேடை ஆகிறது, லயத்து வாசலில் நிற்கிற பிள்ளைகள் பார்வையாளர்கள் ஆகிறார்கள். அங்கே தடுப்பே இல்லை.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 24. உமா ஓயா திட்டத்தைத் திறந்துவைக்க ஈரான் ஜனாதிபதி ரைசி வந்தார். 120 மெகாவாட் மின்சாரம். எல்ல வெல்லவாயப் பக்கம் மண்ணுக்கடியில் மின் நிலையம், அதற்குத் தண்ணீர் கொண்டுவர 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம். பத்திரிகைகளில் பெரிய படம். அந்தச் சுரங்கம் தோண்டும்போது என்ன நடந்தது என்று பண்டாரவளை ஆட்களிடம் கேளுங்கள். 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளை டவுனே ரோட்டுக்கு இறங்கியது.

இதை ஏன் கரண்ட் வண்டிக் கட்டுரையில் சொல்கிறோம்? "மின்சாரம் சுத்தமானது" என்று நாங்கள் சொல்ல மாட்டோம் என்பதற்காக. கொழும்பிலிருந்து சத்தமில்லாமல் எல்லவுக்கு ஏறி வந்து, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடித்துவிட்டு, "புகையே இல்லாத பயணம்" என்று போடுகிற தம்பிக்குத் தெரியாது, அவன் பற்றரிக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரும் இருக்கிறது என்று. மழை பொய்த்தால் நுரைச்சோலையின் நிலக்கரியும் கூட இருக்கும். சத்தமில்லாத வண்டிக்கும் ஒரு சத்தம் உண்டு. அது வேறு இடத்தில் கேட்கிறது.

அதற்காகப் பெற்றோலுக்குத் திரும்பு என்கிறீர்களா? 2022ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்தாச்சா? ஜூன் மாதம் ஒரு லீற்றர் 470 ரூபா. அதுவும் வரிசையில் ரெண்டு நாள் படுத்துக் கிடந்தால். கியூஆர் அட்டை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர். 5 லீற்றரை வைத்து மடுல்சீமையிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போகலாம்? கரண்டும் அந்த வருசம் இல்லை, ஒரு கட்டத்தில் நாளைக்குப் 13 மணித்தியாலம் வெட்டினார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு தாவினதுக்கு நாடே இருண்டதையும் மறக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். பெற்றோல் கடல் தாண்டி டொலருக்கு வர வேண்டும். வெயிலும் மழையும் நமமுனுகுல மலைமேலேயே விழுகிறது.

இங்கேதான் நாங்கள் ஸ்போர்ட்ஸ் கார்காரர்களோடு கணக்குத் தீர்க்க நினைக்கிறோம். ரெண்டு பக்கத்துக் காரர்களோடும். இந்த நாட்டிலேயே மின்சார சூப்பர் கார் ஒன்று கட்டினார்கள், வேகா என்று பெயர். 800 குதிரை வலுவுக்கு மேல். 2020இல் ஜெனீவா கண்காட்சிக்குப் போக இருந்தது, கொரோனாவால் கண்காட்சியே நடக்கவில்லை. நம்ம பொறியியலாளர்கள் கட்டினது என்பதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் 800 குதிரை யாருக்கு? அரசாங்கத்துக்கோ குதிரை என்றால் வரி. மின்சார வண்டிக்கு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்துத்தான் வரி போடுகிறார்கள். ஒரு சீன வண்டி 100 கிலோவாட்டா 150ஆ என்று 2025இல் சுங்கத்தில் தொடங்கின பிரச்சினை கோர்ட்டு வரைக்கும் போனது. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. 100ஆ 150ஆ என்ற சண்டையில் அவருக்கு என்ன பங்கு?

அவருக்குப் பங்கு இருக்கிற வண்டி பஸ். அதனால் எங்கள் கட்சி இதுதான்: ஊவாவில் முதலில் மின்சாரமாக வேண்டியது பஸ்ஸும், தோட்டத்து லொறியும், ஓட்டோவும். மலை இறங்கும்போது பிரேக்கை மோட்டார் பிடிக்க வேண்டியது பணக்காரனின் டைக்கானில் இல்லை, லுணுகலை பஸ்ஸில். சார்ஜ் போடுகிற இடம் எல்ல ஹோட்டல் வாசலில் மட்டும் இருந்தால் போதாது, பசறை ஸ்டாண்டிலும் கொஸ்லந்தையிலும் வேண்டும். லயத்து வயரிங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு ஓட்டோவை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டால் முதலில் எரிவது எது என்று. அதை மாற்றாமல் மற்றதைப் பேச வேண்டாம். உமா ஓயாவின் கரண்டில் முதல் உரிமை, கிணறு வற்றின ஊருக்கு.

இதையெல்லாம் படித்த பிறகும் லான்சர்தான் சிங்கம் என்கிறவன் ஒருத்தன் இருப்பான். அவனுக்கு ஒரு அழைப்பு. அடுத்த போயா லீவு காலையில் எல்லயிலிருந்து ஒன்றாக இறங்குவோம். ரேஸ் கிடையாது, மாமா பின்சீட்டில் இருப்பார். வெல்லவாய ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ரெண்டு வண்டியின் முன் சக்கர டிஸ்க்கிலும் போத்தலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விடுவோம். கையை மட்டும் வைத்துவிடாதே. எது சீறுகிறது என்று கேட்டுவிட்டு, பிறகு டீ குடிக்கலாம். சத்தம் கேட்கத்தானே உனக்கு விருப்பம்.